குடலில் ஒரு பை

டயகம,
8.6.1936

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நமஸ்காரம். அண்ணன் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உங்களுக்கு வயிற்றிலிருந்து இரத்தம் போவது நின்றதா என்ற கவலையோடுதான் நான் இருக்கிறேன்.

நம் கடைக்குச் சாமான் ஏற்றும் லொறிக்கார வடிவேல் நேற்று இங்கே வந்தான். "மொதலாளி இறம்பொடைக்குப் போயி வைத்தியன் கந்தப்பன்கிட்ட வயித்துல இருந்த வசிய மருந்த எடுத்துக்கிட்டாருங்க. யாரோ சோத்துல வச்சுட்டாங்களாம்" என்றான். உங்களுக்குச் சோறு போட்டது நான்தானே? நான் தந்த கோப்பியை நீங்கள் வாசல் சாக்கடைக் கானில் ஊற்றியதைப் பார்த்தேன். ஆறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி. கொஞ்ச நாள் ஓய்வாக இரு என்று என்னை இங்கே அனுப்பினீர்களே, அதுவும் இதற்குத்தானா?

நேராகவே கேட்கிறேன். என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?

உங்கள்
ஜெயலெட்சுமி


பூண்டுலோயா,
13.6.1936

ஜெயலெட்சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கந்தப்பன் கஷாயம் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தபோது கறுப்பாக ஒரு உருண்டை விழுந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். குடல் சுவரில் ஒட்டிக்கிடந்ததாம்.

"புருசன கைக்குள்ள போட்டுக்கத்தான் வச்சிருக்கா" என்கிறாள் அம்மா. கோப்பியில் நீ எதையோ கலக்கியதைப் பார்த்தாளாம். என்ன அது? மறைக்காமல் எழுது. அதுவரை அங்கேயே இரு.

நாகரத்தினம்


டயகம,
17.6.1936

அத்தான்,

சுக்கு. வயிறு வலிக்கிறது என்று நீங்கள்தான் கேட்டு வாங்கிக் குடித்தீர்கள்.

ஜெயலெட்சுமி


கண்டி ஆஸ்பத்திரி,
10.7.1936

அன்புள்ள ஜெயலெட்சுமிக்கு,

மறுபடியும் இரத்தம் போய் மயங்கி விழுந்துவிட்டேன். இங்கே கொண்டுவந்து வயிற்றைக் கீறினார்கள். பிழைத்துக்கொண்டேன்.

சிறுகுடல் போய்ப் பெருங்குடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், குடல் சுவரிலிருந்தே ஒரு பை துருத்திக்கொண்டிருந்ததாம். டாக்டர் அதை வெட்டியெடுத்துப் போத்தலில் போட்டுக் காட்டினார். சாக்கின் மூலையைப் பிடித்து இழுத்துவிட்டது போல இருந்தது. தாய் வயிற்றில் இருக்கும்போது குடலுக்கும் தொப்புளுக்கும் நடுவே ஒரு குழாய் உண்டாம். பிறப்பதற்குள் மறைந்துவிட வேண்டியது, எனக்கு மிச்சமாகத் தங்கிவிட்டது. அந்தப் பைக்குள்ளே இரைப்பையின் தோல் கொஞ்சம் வளர்ந்து, அதில் ஊறிய செரிமானப் புளிநீர்தான் குடலைப் புண்ணாக்கியதாம்.

மருந்து வைத்தால் இந்தப் பையில் போய்த் தங்குமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். உள்ளே ஏதாவது இருந்ததா என்று இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லையாம்.

ஆகவே நீ புறப்பட்டு வந்துவிடு. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதே. அம்மா மனசு ஆறும்வரை அடுப்படிப் பக்கம் நீ போகவேண்டாம்.

அன்புடன்
நாகரத்தினம்


டயகம,
16.7.1936

நாகரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் பெயரை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

நீங்கள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். கோயிலில் அழுதே விட்டேன். அதன் பிறகுதான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். கோபம் வந்தது. வயிற்றைத் திறந்து பார்த்த பிறகும் என் கைச்சோறு உங்களுக்கு ஆகவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், நான் வரப்போவதில்லை. இன்று மத்தியானம் இந்த வீட்டில் நான்தான் சமைத்தேன். அண்ணன் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜெயலெட்சுமி