பாலன் இல்லாத குடில்

என் பிரியமானவருக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாவது மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. அது மகிழ்ச்சிக்கானதாம். ஜெபிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. கோயிலுக்குள்ளேயே கேக், புதுத்துணி, சீரியல் விளக்குப் பேச்சு. குடில் ஜோடிக்கும் வேலை இந்த வருஷமும் என் தலையில்.

நேற்று பாடகர் குழுத் தலைவர், "போட்டோ எடுக்கணும், பாலனை இப்பவே வெச்சிடும்மா" என்றார். இயேசு பிறப்பு இரவு வரை குடிலில் பாலனின் தொட்டில் காலியாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா?

"பிறக்காத பிள்ளையை எப்படிங்க படுக்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

 உங்கள் அக்காதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். "தம்பிகிட்ட இன்னும் சொல்லலையா?" என்றார்.

போனில் நீங்கள் "உதைக்குதா?" என்று கேட்கும்போதெல்லாம் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பாலன் சுரூபத்தைப் பஞ்சில் சுற்றி நம் பீரோவில் வைத்திருக்கிறேன். அந்தக் காலித் தொட்டிலின் முன்னால் மட்டும்தான் எனக்கு ஜெபம் வருகிறது. அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

லீவுக்கு வரும்போது, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் சின்னச் சட்டைகளை எடுத்து வராதீர்கள். நீங்கள் மட்டும் வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி