ஏரித் தண்ணீர் சுட்டதும் குளிர்ந்ததும்

அன்புள்ள அம்மாவுக்கு, நோர்பு வணங்கி எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

சித்திரையில் குழந்தைகள்கூட நீந்தும் இந்தப் பொக்காரா ஏரியில், தை மாதம் யாரும் காலை நனைக்க மாட்டார்கள். போன தையில் நான் படகு வேலைக்குச் சேர்ந்த புதிது. இறங்கலாமா என்று கேட்ட பயணிகளிடம், "தாராளமா குதிங்க, வெதுவெதுன்னு இருக்கு" என்றேன். நம் மனாங் ஊரில் பனி உருகி ஓடும் ஆற்றில் குளித்து வளர்ந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்! குதித்தவர்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். படகுக்கார பூல்மாயா அக்கா, "தண்ணியப் பத்தி இனி நீ வாயே தொறக்காதடா, பனிமனுசா!" என்று திட்டினாள்.

இதோ மறுபடியும் தை வந்துவிட்டது. நேற்று, நழுவிய துடுப்பை எடுக்க நானே குதித்தேன். பல்லெல்லாம் தந்தியடித்தது. அக்கா கைதட்டிச் சிரித்தாள்: "வாடா வா, இப்பத்தான் நீ எங்க ஊர்க்காரன்!"

நானும் சிரித்துவைத்தேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால், நீ பின்னிய கம்பளிச் சட்டையைக் கொடுத்தனுப்பு. படகுக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். நோர்புவுக்குக் குளிர்கிறது என்று மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே.