சுக்குக்குக் கேட்காத வலி

ஜூலை 9, 2004

கேப்சூலில் சுக்குப்பொடி அடைத்து அடைத்து விரலெல்லாம் எரிகிறது. பாதியில் சுக்கு, மீதியில் அரிசிமாவு. மாதவிலக்கு நாளில் வரும் தூரத்து வலிக்குச் சுக்கு நிஜமாகவே கேட்கிறதா, இல்லை கேட்கும் என்கிற நம்பிக்கைதான் கேட்கிறதா? எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு இதைவிட லேசான தலைப்பு கிடைக்கவில்லையா எனக்கு? சிலருக்கு வெறும் மாவுதான் வரும் என்று ஹாஸ்டல் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஜூலை 21

ஒருத்தியும் காதில் வாங்கவில்லை! கேப்சூலை விழுங்காமல் பிரித்துக் கொட்டி, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். "சுக்குன்னா சுடச்சுடக் குடிச்சாத்தானக்கா கேக்கும்?" சிலருக்குக் கஷாயம், சிலருக்குக் கஞ்சி. சுகன்யா டம்ளரோடு சண்டைக்கு வந்துவிட்டாள். "வலிக்குதுன்னு வந்தா கஞ்சி காச்சிக் குடுக்குறீங்களேக்கா!" சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாம் முதலில் இருந்து.

ஆகஸ்ட் 14

என் அறையில் இருக்கும் ஜெய்தூன் பீவி இன்றும் குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஒரே வாந்தி. மாதாமாதம் இதே கதை. "எல்லாருக்கும் உள்ளதுதானக்கா" என்றாள். எல்லாருக்கும் இல்லடி! கத்திவிட்டேன்.

நவம்பர் 2

இந்தத் தடவை என் கண் முன்னாலேயே விழுங்க வைத்தேன். ஒரு மாதம் சுக்கு, மறுமாதம் மாவு. சுக்குக்கு நிறையப் பேருக்கு வலி குறைந்திருக்கிறது. மாவுக்கும் சிலருக்குக் குறைந்திருக்கிறது! ஒரு ஹாஸ்டலை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஜெய்தூன் — இரண்டு மாதமும் ஒரே மாதிரிதான் சுருண்டு கிடந்தாள். இது வேறு ஏதோ. பயமாக இருக்கிறது.

நவம்பர் 6

ஜெய்தூனைக் கூட்டிக்கொண்டு பேகம்பூருக்கு, அவள் வீட்டுக்கே போய், பெண்கள் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவள் அம்மா டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கொமருப் பிள்ளைய அந்த டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனா நாலு பேரு என்ன நெனைப்பாக? கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்மா."

"சுக்கே கேக்கல, கல்யாணம் மட்டும் கேக்குமாம்மா?"

வாய்க்கொழுப்பு எனக்கு. அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "செத்த இரு. டாக்டருகிட்ட நானும் வாரேன்."

நவம்பர் 8

ஸ்கேன். சினைப்பையில் கட்டி.

டிசம்பர் 1

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாதாரணக் கட்டிதானாம். அவள் அம்மா என் கையை விடவே இல்லை.

ஏப்ரல் 17, 2005

சாயங்காலம் ஜெய்தூன் பிள்ளைகளோடு ரிங் பால் ஆடிக்கொண்டிருந்தாள். தேதி நெருங்குமே என்று கூப்பிட்டுக் கேட்டேன்: "சுக்கு மிச்சம் இருக்கு, எடுத்து வைக்கவாடி?"

"தூரம் வந்து ரெண்டு நாளாச்சேக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.