வெல்கோ அண்ணன் வீட்டுச் சுவர்

அக்டோபர் 14

நாற்பத்தொன்பது வயதில் இன்று குளியலறையில் ஒளிந்துகொண்டேன்.

மணி அடித்தது. வீட்டுக்காரம்மா இஸ்க்ராதான் வாடகை பாக்கிக்கு வந்துவிட்டாள் என்று முடிவுகட்டி, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே தொப்பையைச் செருகிக்கொண்டு நின்றேன். போகிற போக்கில் நேவியின் காதில், "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லும்மா" என்றேன். நான்கு வயது. பொய் சொல்லிப் பழக்கமில்லை. கதவருகே போய் முழுத் தொண்டையில் கத்தினாள்: "எங்கப்பா குளியலறையில ஒளிஞ்சுக்கிட்டு இல்ல!"

வெளியே ஒரு செருமல். பிறகு பூட்ஸ் காலடிகள் மெதுவாகப் படியிறங்கின.

ரலிட்சா கடையிலிருந்து வந்ததும் மகள் அத்தனையையும் ஒப்பித்துவிட்டாள். மனைவி சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, "வாடகையில பாதிதான் குடுத்தியா?" என்றாள். பாதிதான். பத்திரிகையில் என் நகைச்சுவைப் பத்தியை வாரத்துக்கு ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். ப்ளெவென் நகரத்தார் சிரிப்பதையும் சிக்கனமாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 20

இஸ்க்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள். டிசம்பர் முதல் வாடகை நூறு லெவா அதிகம். "அன்னிக்கு நேர்லயே வந்தீங்களே" என்று அசடு வழிந்தேன். "நானா? என் முட்டிக்கு மூணு மாடியா? கனவு கண்டியாப்பா?" என்றாள். அப்படியானால் அன்று வந்தது வேதப் புத்தகம் விற்கிறவர்களாக இருக்கும். வெளிவாசல் கதவில் என்னென்னவோ ஒட்டிவைக்கிறார்கள். இறப்பு அறிவிப்பாக இருந்தால் ஒழிய நான் எதையும் நின்று படிப்பதில்லை.

சாப்பாட்டு மேசையில் சட்டசபை கூட்டினேன். வெளியே காபி கிடையாது. எனக்கு முடி வெட்டுவது ரலிட்சா. தயிர் வீட்டிலேயே உறையவேண்டும். அறைகளைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டர்கள் நான்கையும் இந்தக் குளிர்காலம் முழுக்க மூடிவைப்பது.

"நாலுமா?" என்றாள் ரலிட்சா.

"நாலும்."

இந்தக் கட்டடத்தில் இது புதிதல்ல. அறுபது வீடு, பாதிப் பேர் திறந்துவைப்பார்கள், மீதிப் பேர் மூடிவிட்டு அவர்கள் சுவரில் ஒட்டிப் பிழைப்பார்கள். கடைசி ரேடியேட்டர் நேவியின் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. குப்புறப் படுத்து அதன் திருகையும் மூடினேன். என்னைத் தூக்கி நிறுத்த மனைவியும் மகளும் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. இனி ஜென்மத்துக்கும் அந்த மூலையில் குனிவதாக இல்லை.

நவம்பர் 3

கண்டுபிடித்துவிட்டேன்! நேவியின் கட்டிலுக்கு மேலே சுவர் வெதுவெதுவென்று இருக்கிறது. அந்தப் பக்கம் வெல்கோ அண்ணன் வீடு. ஓய்வு பெற்ற மல்யுத்தப் பயிற்சியாளர், தனிக்கட்டை, கை தாராளம். மனுஷன் ரேடியேட்டரை முழுசாகத் திறந்துவிட்டு வாழ்கிறார், பாவம். இரண்டு கையையும் விரித்துச் சுவரைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியிருந்தேன்.

"நான் வேணா வெளிய போகட்டுமா?" என்று ரலிட்சாவின் குரல்.

"அடுத்த வீட்டுக் காசுல குளிர்காயுறேன், கெடுக்காதே."

உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். என் சாமர்த்தியம் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை.

நவம்பர் 11

வெல்கோ அண்ணன் இன்றும் ஒரு ஜாடி லூத்தெனித்சா கொண்டுவந்து தந்தார். மிளகாயும் தக்காளியும் அவர் கையாலேயே சுட்டு அரைத்தது. மூன்றாவது வாரம், மூன்றாவது ஜாடி. என் கையில் கொடுப்பதில்லை. ரலிட்சாவைக் கூப்பிட்டுத்தான் தருகிறார். இருவரும் வாசலில் ஏதோ குசுகுசுக்கிறார்கள். அவர் சூட்டை நான் திருடுகிறேன், என் மனைவியை அவர் —

சீச்சீ. அவருக்கு அறுபத்தாறு. ஆனால் தோளைப் பார்த்தால் அறுபத்தாறு மாதிரி இல்லையே?

லூத்தெனித்சாவை ரொட்டியில் தடவி நான்தான் அதிகம் தின்றேன்.

நவம்பர் 19

பால்கனிப் பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறுகிறது. உப்புத்தண்ணீர் அடியில் தேங்கிவிடாமல் தினமும் குழாயை விட்டு ஊதிக் கலக்கவேண்டும். இது எனக்கும் நேவிக்கும் மட்டும் சொந்தமான வேலை. நான் ஊதுகிறேன்; பீப்பாய் "குளுக் குளுக் புர்ர்ர்" என்கிறது; அவள் தரையில் விழுந்து சிரிக்கிறாள். "அப்பா, கோஸு குசு விடுது!" இருபத்திரண்டு வருஷமாகக் காசுக்கு நகைச்சுவை எழுதுகிறேன். ஒருவரும் எனக்காக இப்படி விழுந்து சிரித்ததில்லை.

நவம்பர் 27

வாடகை, மின்சாரம், நேவியின் பள்ளி — எதை எங்கே இழுத்தாலும் வேறெங்கோ கிழிகிறது. ரலிட்சாவே சொன்னாள். "நான் நேவியைக் கூட்டிக்கிட்டு விதினுக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க விறகு அடுப்பு இருக்கு. என் கணக்குவழக்கு வேலையைக் கம்ப்யூட்டர்ல எங்கேருந்தும் பார்க்கலாம். பள்ளிக்கூடச் செலவு மிச்சம், சூட்டுச் செலவும் மிச்சம். மார்ச்சுல வந்துடுறோம்."

"சூட்டுச் செலவுதான் நமக்கு இல்லையே. எல்லாம் மூடியாச்சே."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "புள்ள இருமுது, ப்ளாமென். இந்த வீட்டைச் சூடாக்கவும் வாடகை கட்டவும் சேர்த்து நம்மால முடியாது."

அதோடு பேச்சு முடிந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்கவேண்டும்.

டிசம்பர் 3

ரயிலேற்றிவிட்டேன். மெஸ்த்ராவில் வேறு ரயில் மாறவேண்டும். ஜன்னல் கண்ணாடியில் நேவி மூச்சை ஊதி எனக்காகப் பன்றிக்குட்டி வரைந்தாள். ரயில் நகர்வதற்குள் அது அழிந்துவிட்டது.

டிசம்பர் 4

வீடு இவ்வளவு பெரியதா?

டிசம்பர் 9

சுவர் ஜில்லிட்டுவிட்டது! நேவியின் கட்டிலில்தான் படுக்கிறேன். கால் இரண்டும் வெளியே தொங்குகிறது. நான்கு நாளாகத் தடவித் தடவிப் பார்க்கிறேன், ஐஸ். ஆக, வெல்கோ அண்ணன் மூடிவிட்டார். என் மனைவி இருந்தவரை திறந்துவைத்தாராம், அவள் போனதும் மூடிவிட்டாராம்! ஜாடியும் நின்றுபோயிற்று. எல்லாம் பொருந்துகிறது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு ரேடியேட்டருக்கான சூடு இருந்தது. அதை வைத்துத்தான் தூங்கினேன்.

டிசம்பர் 16

தொலைபேசியில் நேவி. "அப்பா, கோஸு என்ன பண்ணுது?"

கேட்டுவிட்டாளே! பால்கனிக்கு ஓடி, போனைப் பீப்பாய் விளிம்பில் வைத்து, குழாயை எடுத்து மூச்சு முட்ட ஊதினேன். குளுக் குளுக் புர்ர்ர். அந்தப் பக்கம் அதே சிரிப்பு. விதினில் தரையில் விழுந்து புரள்கிறாள் என்று ரலிட்சா சொன்னாள். இங்கே பனி கொட்டுகிறது, நான் பனியனோடு நிற்கிறேன், தலை சுற்றுகிறது. "இன்னொரு வாட்டி, அப்பா." இன்னொரு வாட்டி. "இன்னொரு வாட்டி."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா ஊதிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 28

விதினிலிருந்து திரும்பினேன். மாமியார் வீட்டில் நான்கு நாள்: அடுப்பு, பீன்ஸ், நேவி என் தொப்பை மேல் தூக்கம். கிளம்பும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "அப்பா, நீ எந்த ரயில்ல குடியிருக்க?" என்று கேட்டாள்.

ஜனவரி 8

புதிய வேலை. அச்சகத்தில் இறப்பு அறிவிப்பு எழுதித் தருகிறேன். கதவிலும் மரத்திலும் ஒட்டுகிறார்களே, அதுதான் — நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், பத்தாம் வருஷம் என்று ஒவ்வொருவரும் செத்த பிறகும் எனக்குத் தொடர்ந்து வேலை தருகிறார்கள். "உங்க எழுத்துல ஒரு சோகம் இருக்கு சார்" என்றார் அச்சகக்காரர். இத்தனை வருஷமாக என் பத்தியைப் படித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

ஜனவரி 15

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

படிக்கட்டில் வெல்கோ அண்ணன். ரோமத் தொப்பி, மேலங்கிக்கு மேல் கம்பளி. "தம்பி, உன் சம்சாரம் எப்ப வருது?"

விடுவேனா! "உங்களுக்கு என்ன அண்ணே அவ்வளவு அக்கறை?"

"அக்கறையா? ஆறு வாரமா முதுகு வெறைச்சுக் கெடக்குடா!"

"அப்போ உங்க ரேடியேட்டரைத் திறக்கவேண்டியதுதானே? ஏன் மூடினீங்க?"

"நான் மூடி மூணு வருஷமாச்சு. உன் சுவத்துலதானே கட்டிலை ஒட்டிப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"என் சுவரா? அது உங்க சுவர் அண்ணே. சூடு உங்க பக்கத்திலேருந்து —"

என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருஷமாக மல்லர்கள் கீழே விழுவதைப் பார்த்த கண். "அடப் பாவி. அது உன் ரேடியேட்டர்டா. புள்ள இருமுதுன்னு உன் சம்சாரம் தினம் சாயங்காலம் திறந்துவிடும். எனக்கும் சூடு வந்துச்சு. சும்மா வாங்கலப்பா, வாரம் ஒரு ஜாடி குடுத்தேன். 'அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே, சட்டம் போட்டுப் பெருமையா இருக்காரு'ன்னுச்சு."

ஊருக்குப் போகும்போது, காலி அறைக்கு எதற்கு என்று அவளே மூடியிருக்கிறாள்.

நான் திருடியது என் வீட்டுச் சூடு. அதற்கு விலையாக வந்த லூத்தெனித்சாவைத் தின்றதும் நான். சந்தேகப்பட்டதும் நான்.

வீட்டுக்குள் வந்து, நேவியின் கட்டில் தலைமாட்டில் குப்புறப் படுத்தேன். திருகுக்குக் கீழே, தரையில், மடித்துப் போட்ட ஒரு பழைய துண்டு. அவள் முட்டி வைக்க. நடுவில் இரண்டு குழி விழுந்திருந்தது. தூக்கி நிறுத்த ஆளில்லாததால் அங்கேயே ரொம்ப நேரம் கிடந்தேன். காரணத்தை அப்படித்தான் எழுதவேண்டும்.

ஜனவரி 16

நேற்று ராத்திரியே திருகைப் பாதி திறந்தேன். சுவர் மெல்ல வெதுவெதுத்தது. சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு. காலையில் வாசலில் ஜாடி.

ரலிட்சாவைக் கூப்பிட்டேன். "ஏன் சொல்லல?"

"என்னத்தை?"

"வெல்கோ அண்ணன் சொல்லிட்டாரு."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். "நீ அந்தச் சுவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்ன சந்தோஷத்தைப் பார்த்தா சொல்ல மனசு வரல" என்றாள். பிறகு, "சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

போனோடு போய்ச் சுவரில் கையை வைத்தேன்.

"வந்துடுங்க ரலி."

"வாடகைக்கு?"

"ஊர்ல ஜனங்க செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"பேச்சைப் பாரு" என்றாள். ஆனால் மார்ச்சுக்கு முன்னால் முடியாதாம். பிப்ரவரி சம்பளமும் வந்தால்தான் பாக்கி தீரும். அவள் கணக்கு தப்பாது.

பிப்ரவரி 10

முட்டைக்கோஸ் தீர்ந்துவிட்டது. பீப்பாயைக் கழுவிக் கவிழ்க்க மனம் வரவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

மார்ச் 1

வந்துவிட்டார்கள்.

நேவி ஒரு விரல் உயரம் வளர்ந்திருக்கிறாள். ரயிலடியில் என்னைப் பார்த்ததும் அம்மாவின் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெட்கம். என்னிடம்! நான் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்று, கன்னத்தை உப்பி, "குளுக் குளுக் புர்ர்ர்" என்றேன். டிக்கெட் வாங்க நின்ற ஒரு கிழவர் ஒதுங்கிப் போனார். கோட்டுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கை வந்தது.

மார்ச் முதல் நாள் என்பதால், குளிர் போய் நலம் வரட்டும் என்று, ஊர் முழுக்க மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல். நேவி எனக்கு ஒன்று கட்டினாள், வெல்கோ அண்ணனுக்கு ஒன்று, மிச்சத்தை ரேடியேட்டர் குழாயில் கட்டினாள். ரலிட்சா முட்டி போட்டுத் திருகைத் திறந்தாள். இந்தமுறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம். போகட்டும், அந்த மூன்று மாதம் இல்லாவிட்டால் இந்த வீடே கையில் இருந்திருக்காது. அப்படிச் சொல்லித்தான் தேற்றிக்கொள்கிறேன்.

மே 23

மணி அடித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானே போய்க் கதவைத் திறந்தேன். இப்போது எனக்கு யாரிடமும் பயமில்லை.

ரேடியேட்டர்களில் ஒட்டியிருக்கும் கருவியைப் பார்த்து வருஷத்துக்கு ஒருமுறை சூட்டுக் கணக்கு எடுக்கிறவர். பெரிய பூட்ஸ், சின்ன விளக்கு. "மூணு மூடியேதான் இருந்துச்சு, ஒண்ணுதான் பாதி, அதுவும் கொஞ்ச நாள்" என்று பெருமையாக ஆரம்பித்தேன். அவர் கருவியைத் தட்டிப் பார்த்தார். "இதெல்லாம் ஆயுசு முடிஞ்ச கருவி சார். மாத்தாத வீட்டுல எண் செல்லாது. நாலும் குளிர்காலம் முழுக்க முழுசாத் திறந்திருந்துச்சுன்னுதான் கணக்கு. நீங்க திறந்தாலும் அதே தொகை, மூடினாலும் அதே தொகை."

ரலிட்சா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"மாத்த யாரும் வரலையே" என்றேன்.

"வந்தேனே சார், அக்டோபர்ல. தேதியைக்கூட வெளிவாசல்ல ஒட்டியிருந்தோம்." நேவியைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பாப்பாதான். அப்பா குளியலறையில ஒளிஞ்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லிச்சு."