உன் சர்க்கரை, என் போன்

ஆகஸ்ட் 12, காலை 10.40. உன் சர்க்கரை 118.

அன்பு வாண்டுக்கு அப்பா எழுதுவது. நலமா என்று கேட்கத் தேவையில்லாதபடி உன் கையில் ஒட்டிய மீட்டர் அனுப்பும் எண் என் போனிலேயே தெரிகிறது, இருந்தாலும் கேட்கிறேன், நலமா? இங்கே நான் நலம், அம்மாவுக்குத்தான் இருமல் விடவில்லை, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஊர் பாய்லருக்கெல்லாம் மீட்டர் சரிபார்க்கிறவன் வீட்டைப் பார் என்று அத்தை சிரித்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். நீ ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கும்போது என் போனில் மணி அடித்தது, 61. விடுதிக்குப் போன் போட்டேன். நீ குளுக்கோஸ் மாத்திரை சாப்பிட்டாயிற்று, விரலில் குத்திப் பார்த்ததில் 84 என்றார் நர்ஸ். என் போனில் இன்னும் 61தான், நான் நம்பவில்லை. இரண்டு டம்ளர் ஜூஸ் உள்ளே போனால்தான் போனை வைப்பேன் என்று கத்தினேன். குடித்தாய், 290க்கு ஏறியது, தலை சுற்றிப் படுத்தாய், பந்தயம் போயிற்று. மாலையில் நீ கேட்டது ஒன்றுதான்: "கையில ஒட்டியிருக்கிற மீட்டர் கொஞ்சம் லேட்டாத்தான் காட்டும்னு நீதானேப்பா சொல்லிக்கொடுத்த?" வேலையிடத்தில் எவனாவது இப்படி அவசரப்பட்டால் கிழித்துத் தொங்கவிடுகிறவன் நான்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் வேறு. ஆறு வருஷம் உனக்கு ஊசி போட்டவன் நான், ஊசியைத் தொடக்கூட உன்னை விட்டதில்லை. உன் நர்ஸ் அக்கா ஒரே மாதத்தில் அதை உன் கையில் கொடுத்துவிட்டார், நீயும் வலிக்கவே இல்லை என்று எழுதுகிறாய். நான் போட்டபோது மட்டும் வலித்ததா? சர்க்கரை இறங்கினால் நீ முதலில் சொல்வது அவரிடம். "சார், அவ பாத்துக்குவா, நீங்க பதறாதீங்க" என்கிறார், என் பெண்ணைப் பற்றி எனக்கே. அந்த நிதானம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

"இனிமே நான் கூப்பிட்டா மட்டும் வாப்பா" என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தேன். சரி.

நோய் நொடி அண்டாமல் இரு என்று உனக்கு எழுத முடியாது, அதையும் கூட்டிக்கொண்டே நெடுநாள் ஓடு. காய்ச்சல் வந்து சாப்பிடாவிட்டாலும் ஊசியை நிறுத்தாதே.

உன் அப்பா

பி.கு. இனி நான் செய்யப்போவது:

1. 70க்கு அடிக்கும் மணியை இன்றே அணைப்பேன். 55க்குக் கீழே போனால் மட்டும் அடிக்கும்.
2. அடித்தால் முதல் போன் உனக்கு. நீ எடுக்காவிட்டால்தான் நர்ஸுக்கு.
3. நீ கூப்பிட்டால் அடுத்த பந்தயத்துக்கு வருவேன். ஜூஸ் கொண்டுவர மாட்டேன்.
4. பொறாமைப்படுவேன். அதற்கு நீ கூப்பிட வேண்டியதில்லை.