ஏழு காட்டிய வாளி

இன்று காலை ஜவ்வரிசி செய்யும் எங்கள் சேகோ ஆலைக்குள் நுழைந்ததுமே புளித்த குச்சிக்கிழங்குத் தண்ணீரின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையிலோ கழிவுநீரின் பி.எச். அளவு ஏழு. ஏழு என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை, கழிவை ஓடையில் விடலாம். ஏழாவது மண்ணாவது! கழிவுநீர்த் தொட்டிக்குப் போய்ப் பார்த்தேன். புளிப்பை அளக்கும் சென்சாரை உருவி, ஒரு வாளி குழாய்த் தண்ணீரில் போட்டிருந்தார்கள்.

"மேனேஜருதாங்க போடச் சொன்னாரு. மத்தியானம் பொல்யூஷன் ஆபீசருங்க வாராங்களாமா" என்றார் ஆபரேட்டர், கொஞ்சமும் கூசாமல். சீ! காறித் துப்பினேன்.

மலைமேல் வாழவந்தி நாட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் நீ எழுதிய புரோகிராம்தான் இந்தத் தொட்டியைக் கவனித்துக்கொள்கிறது. தண்ணீர் புளித்த பிறகு, புளிப்பை முறிக்கச் சுண்ணாம்புப் பால் ஊற்றுவதுதான் மற்ற ஆலைகளில் வழக்கம். உன்னுடையதோ, எவ்வளவு மரவள்ளிக் கிழங்கு அரைபடுகிறது, தொட்டியில் இப்போது புளிப்பு எவ்வளவு என்று பார்த்து, இனி எவ்வளவு புளிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சுண்ணாம்பு வால்வைத் திறக்கும். "பால் பொங்கி வழிஞ்ச பொறகு அடுப்பக் கொறச்சு என்னங்க புண்ணியம்?" என்பாய். "ஆனா சென்சார் பொய் சொன்னா எம் புரோகிராமும் ஏமாந்துதாம் போவும், பாத்துக்குங்க" என்றும் சொல்வாய். இன்று அப்படித்தான் ஏமாந்து, வால்வை மூடிக்கொண்டு கிடந்தது. கீழே அந்த ஓடையில்தான் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன.

மத்தியானம் ஆபீசர்கள் வந்தார்கள். அறைச் சுவரில் உன் படம், அதற்குப் புது மாலை. மேனேஜர் அதன் முன்னால் கைகூப்பி நின்றார். "எங்க பொண்ணு மாதிரிங்க. போய்ச் சேந்துட்டாலும் அது எழுதுனது இன்னிக்கும் ஏழுலயே நிக்குது பாருங்க" என்றார். குரல் வேறு தழுதழுத்தது. செத்தவள் பேரை விற்றுப் பிழைக்கிற பிழைப்பு!

வெளியே போய் வாளியை எட்டி உதைத்தேன். சென்சாரைத் தொட்டிக்குள் இறக்கினேன். திரும்பி வருவதற்குள் ஏழு நாலாகி, சைரன் அலறிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வால்வு தானாகவே முழுசாகத் திறந்துகொண்டது. உன் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆபீசர்களில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

"ஏனுங்க, யாருங்க அதுல கை வெச்சது?" மேனேஜரின் முகம் கறுத்துவிட்டது.

"நாந்தாங்க."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரிங்க என்றேன். சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினேன். மாலை அவர்கள் வாங்கியது. அதை அங்கேயே விட்டெறிந்துவிட்டு, உன்னை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.