அப்பாவின் காரில் அணையாத மஞ்சள் லைற்

என் அன்பான அப்பாவுக்கு,

முதலில் ஒரு துயர அறிவித்தல். பரந்தன் கராஜைப் பிறப்பிடமாகவும், எங்கள் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்பக்கத்தை வதிவிடமாகவும் கொண்டிருந்த திருவாளர் எஞ்சின் லைற் அவர்கள் கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் காலமானார். அன்னார் கராஜ் பாஸின் தீராத் தலையிடியும், சின்ன மாமாவின் பாசமிகு எதிரியும், அம்மாவின் நித்திரையைக் கொண்டுபோனவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், பெற்றோல் செற்காரர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மகன், பிரதம பொறியியலாளர்.

சிரிப்பு வந்ததா அப்பா? உங்கள் மரண அறிவித்தலை எழுதவும் என்னிடம்தான் பேனையைத் தந்தார்கள். "உனக்குத்தானே வாய் நீளம், நீயே எழுது" என்றார் சின்ன மாமா. பிறப்பிடம் எழுதினேன், வதிவிடம் எழுதினேன். அதற்குப் பிறகு எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பரந்தன் சந்தியிலேயே அதிகம் கதைக்கிற வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. மிச்சத்தை மாமாதான் எழுதினார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கடைசியாகக் கார் ஓடியது ஜெயபுரம் வீதியில். பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் தினமும் ஏற்றிப்போகும் ரீச்சர்மார் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆவி பறக்கிற எஞ்சினுக்கு முன்னால் நீங்கள் காய்ச்சலோடு குந்தியிருந்தீர்களாம். ரீச்சர் ஒருவர்தான் பிறகு அழுதுகொண்டு சொன்னார். காரைக் கட்டி இழுத்துவந்து பரந்தனில் விட்டுவிட்டு, "பாஸ், கெதியாய்ச் செய்து தாங்கோ, ரீச்சர்மார் பஸ்ஸில அலையப்போகினம்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து படுத்தீர்கள். வயல் தண்ணீருக்குள் நின்று வாங்கின எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்போது எல்லாம் பிந்திவிட்டது. கராஜில் எஞ்சினைப் பிரித்தார்கள், மேல்மூடியான ஹெட்டை மட்டமாக்கினார்கள், தண்ணீர் கசியாமல் இடையில் புதுக் கஸ்கெற் போட்டுப் பூட்டினார்கள். கார் வீட்டுக்கு வந்தது. நீங்கள்?

வந்த காரில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த ஒரு லைற்றைத் தவிர. சின்னதாய் ஒரு எஞ்சின் படம், மஞ்சள் நிறம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவர்தான் என்னவோ சொல்லுறார்" என்று அழத் தொடங்கினார்.

"அப்பாவெண்டால் லைற் போடமாட்டார் அம்மா, ஹோர்ன் அடிப்பார்" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அடியும் வந்தது. அடி எனக்கு.

பாஸ் ஸ்கானரைப் பூட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஃபோர் ருவெண்டி."

"என்ர பட்டப்பேரை உங்களுக்கு ஆர் பாஸ் சொன்னது?"

"உன்னையில்லையடா, கோட்டைச் சொல்லுறன். பி-சைபர்-நாலு-ரெண்டு-சைபர். புகை சரியாய்ச் சுத்தமாகேல்லையாம்."

புகைக் குழாயில் கொன்வேட்டர் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே தேன்கூடு மாதிரி. எஞ்சினில் எரியாமல் மிஞ்சுகிற நஞ்சை அதுதான் எரித்து முடிக்கும். அதற்குப் பின்னால் சென்சர் என்று ஒரு கோள்மூட்டி. "இது வேலை செய்யேல்லை" என்று அது காருக்குச் சொல்லிக்கொடுக்க, கார் லைற்றைப் போடுகிறது. பாஸ் ஸ்கானரால் கோட்டை அழித்தார், அணைந்தது. பூநகரி வரை ஓடிப் பார்த்தோம், திரும்பி வரும்போது எரிந்தது. சென்சரை மாற்றினார், அணைந்தது. ஓடினோம், எரிந்தது. வகுப்பில் தண்டனையாக வாங்குமேல் ஏற்றிவிட்டாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேனே, அது மாதிரி ஒரு வெட்கங்கெட்ட லைற்.

வெறும் லைற் என்றால் மறைத்துவிடலாம். அம்மா கழற்றிவைத்த ஒட்டுப்பொட்டு மட்டை அலுமாரிக்குள் சும்மாதான் கிடக்கிறது, ஒன்றை எடுத்து ஒட்டினால் முடிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பகிடி விடக்கூடாத இடம் எனக்கும் தெரியும் அப்பா.

ஆனால் புகைச் சோதனையிலும் கார் தோற்றுவிட்டது. அந்தச் சேட்டிபிக்கற் இல்லாமல் வரிப்பத்திரம் இல்லை, வரிப்பத்திரம் இல்லாமல் மாமா ரீச்சர்மாரை ஏற்ற முடியாது. அவர்களும் எத்தனை நாளைக்கு பஸ்ஸில் நசிவார்கள்? வேறு கார் பார்க்கிறார்களாம்.

அம்மா கிளிநொச்சிக்குப் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துவிட்டு வந்தார். குவைத்தில் ஒரு வீட்டு வேலையாம். நான் பளையில் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கவேண்டுமாம்.

"அக்கா, கார் ஓடினால் நீ ஏன் போகவேணும்?" என்று மாமா கெஞ்சினார்.

"கார் ஓடட்டும், நான் நிக்கிறன். ஓடுதோ?" என்றார் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். கார் மஞ்சளாய்ப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் நான் களத்தில் இறங்கினேன். குழாயில் எங்காவது கசிந்தாலும் இந்தக் கோட் வரும் என்று போனில் படித்தேன். கசிவைப் பிடிக்கப் புகை வேண்டும். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாங்கிய சாம்பிராணி மிச்சம் இருந்தது. தட்டில் போட்டுப் புகைய வைத்து, சைக்கிள் பம்பால் சைலன்சருக்குள் அடித்தேன்.

"டேய், கொப்பருக்கு வாங்கின சாம்பிராணியடா அது!" என்று மாமா பாய்ந்தார்.

"அவற்ற காருக்குத்தானே மாமா போடுறன்."

எஞ்சினுக்குக் கீழே ஒரு மூட்டில் சாம்பிராணிப் புகை நூல் மாதிரி எழும்பியது. கண்டுபிடித்துவிட்டேன்! பாஸே வந்து பார்த்துவிட்டு, "பொடியன் விளையாட்டாய் எண்டாலும் பிடிச்சிட்டான்" என்று அந்த மூட்டை இறுக்கி அடைத்தார். கார் செத்த வீடு மாதிரி மணந்தது. பரவாயில்லை என்று பூநகரிக்கு ஓடினோம். சங்குப்பிட்டிப் பாலம் தெரிகிற இடத்தில் மாமா பேச்சை நிறுத்தினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர் முகத்திலேயே மஞ்சள் தெரிந்தது.

புதுக் கொன்வேட்டரின் விலையைக் கேட்டதும் மாமா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு வவுனியாவில் உடைத்த கார் ஒன்றில் பழையது இருக்கிறது என்று போய்த் தூக்கிவந்தார். சாக்கை அவிழ்த்துக் குழாய்க்குள் பார்த்தால், அந்தப் பக்கம் நின்ற பாஸின் கண் தெரிகிறது. தேன்கூட்டை, அதிலிருக்கிற விலையான உலோகத்துக்காக, யாரோ முதலே இடித்து எடுத்துவிட்டார்கள்.

மாமாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கடையையும் இப்பிடி இடிச்செடுத்தால் என்ன?" என்று கேட்டார்.

"இடிச்சுப்போட்டு சென்சருக்கும் ஒரு பொய் சொல்லலாம். லைற் போம். புகைச் சோதினையில அம்பிடுவீங்கள்" என்றார் பாஸ்.

அப்போதுதான் நான் கேட்டேன், திருத்தின எஞ்சினில் இது ஏன் வந்தது என்று. பாஸ் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எஞ்சின் கன நாளாய்த் தண்ணி குடிச்சிருக்கு தம்பி. கஸ்கெற்றால கசிஞ்ச தண்ணி உள்ளுக்கயே கொதிச்சு, அந்த உப்பும் அழுக்கும் போய் கொன்வேட்டரில படிஞ்சிட்டுது. நான் திருத்தேக்க எஞ்சின் தப்பிச்சுது, அது முதலே செத்துப்போச்சு. அண்ணை கொஞ்சம் முந்திக் கொண்டந்திருந்தால்…"

பழைய குழாயைத் திரும்பச் சாக்குக்குள் போட்டுக் கட்டினார்.

சூடாகிற எஞ்சினுக்கு நீங்கள் ஊற்றிய தண்ணீர்ப் போத்தல்கள் எனக்கும் தெரியும். காலையில் வாய்க்காலில் நிரப்பி டிக்கிக்குள் அடுக்குவீர்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். "அப்பா, காருக்கு ஆவி பிடிக்கிறீங்களோ?" என்று நக்கலடித்தேன். "ரீச்சர்மாரின்ர பள்ளிக்கூடத் தவணை முடியட்டும், கராஜில விடுவம்" என்றீர்கள். காருக்குத் தண்ணீர், உங்களுக்குப் பனடோல். இரண்டு பேரும் ஓடிக்கொண்டே இருந்தீர்கள்.

ஒரு நாள் நிற்பாட்டியிருந்தால் என்ன அப்பா? ஒரே ஒரு நாள்? ஜெயபுரத்துப் பிள்ளைகள் ஒரு நாள் கணக்குப் படிக்காவிட்டால் என்ன, அவர்கள் சந்தோசமாய் விளையாடியிருப்பார்களே. இப்படிக் கேட்பது சரியில்லைத்தான். ஆனால் இதை நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

நினைவிருக்கிறதா, 'விற்பனைக்கு' என்று மட்டையில் எழுதி, உங்கள் போன் நம்பரும் போட்டு, காரின் பின் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். பளையிலிருந்து மாங்குளம் வரை ஆட்கள் அழைத்தார்கள். மாலையில் வந்து என்னை வளவைச் சுற்றிக் கலைத்துக்கொண்டு ஓடிவந்தீர்கள். போன கிழமை அம்மா ஒரு மட்டையையும் மையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "உனக்குத்தானே வடிவாய் எழுத வரும். எழுது." மட்டையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு முன் சீற்றில் இருத்தி, சாவியைத் திருப்பினேன். எல்லா லைற்றும் ஒருதரம் எரிந்தன. எஞ்சின் பிடித்தது. எல்லாம் அணைந்தன. மஞ்சளும் அணைந்தது.

"என்னடா செய்தனி?"

"தொழில் ரகசியம்."

அம்மா என் தலையைப் பிடித்து உச்சியில் கொஞ்சினார். பிறகு குவைத்துக்கு அனுப்புகிற ஏஜென்சிக்குப் போன் எடுத்து, "கொஞ்சம் பொறுங்கோ தம்பி, நான் பிறகு சொல்லுறன்" என்றார். நீங்கள் போனபிறகு அம்மா அன்றைக்குத்தான் கறிக்கு உப்பு அளவாய்ப் போட்டார். மாமா ரீச்சர்மாருக்கு, வாற கிழமையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நாளைக்குக் காலையில் காரைத் திரும்பவும் புகைச் சோதனைக்குக் கொண்டுபோகப் போகிறார்.

அப்பா, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் ஒன்றும் திருத்தவில்லை. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பற்றறி வயரைக் கழற்றிவைத்தேன். அவர் வரும்போது திரும்பப் பூட்டினேன். அவ்வளவுதான் என் பொறியியல். கார் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கொன்வேட்டர் இப்போதும் செத்துத்தான் கிடக்கிறது. ஓடினால் காருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். அதனால் அன்றைக்கிருந்து சாவியைக் களிசான் பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிறேன். மாமா கேட்டால், "எஞ்சின் செற் ஆகவேணும் மாமா" என்று புளுகுகிறேன். கார் முற்றத்தைத் தாண்டாத வரைக்கும் லைற் இல்லை. லைற் இல்லாத வரைக்கும் அம்மா வீட்டில் நிற்பார்.

நாளைக்குச் சாவியைக் கொடுக்க முதல் அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன். உங்கள்மேல் சத்தியம், சோதனையில் தோற்றுவந்து மாமா சொல்லி அவர் அறிய விடமாட்டேன். அம்மா அடித்தால் வாங்கிக்கொள்வேன். அடிக்காமல் பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்கிறதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வெறும் மகன். பட்டம் பதவி ஒன்றும் இல்லை